பல்லாவரம் கல்லில் வந்த பல்லி

சரிதா மேடத்துக்கு நான் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். 2005 ஜூலையில், குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில், சேர்த்த நாலாம் நாள் விடியற்காலை என் மனைவி பட்டு இறந்துபோனாள். பில்லில் அவ்வளவு பாக்கி இருந்தது. கட்டிவிட்டு எடுத்துப் போங்கள் என்றார்கள். நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் ஒரே ஒரு போன் நம்பர் இருந்தது. ஒரு ரூபாய் போட்டுப் பேசினேன். அரைமணி நேரத்தில் மேடம் ஸ்கூட்டியில் வந்தார், பணத்தைக் கட்டினார், ரசீதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எனக்கு அவரைத் தெரியும். தாம்பரத்தில் ஒரு காலேஜில் பல்லியைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் இருக்கும் குன்றுகளில் என்னென்ன பல்லி, ஓணான், அரணை இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. வயது இருபத்தாறோ ஏழோ. பாரஸ்ட்காரர்கள் கொடுத்த அனுமதிக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். மலையடிவாரத்தில் என் வீட்டுக்கு வந்து, மூடிப்போன குவாரிக்கு வழி கேட்டார். நான் அந்தக் குவாரியில் பதினெட்டு வருஷம் கல் உடைத்தவன். வழி காட்டினேன். நம்பர் எழுதிக் கொடுத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலேஜுக்குப் போனேன்.

"பணமா இப்ப இல்ல மேடம். வேலையா கயிச்சிக்கிறேன்."

"அதெல்லாம் அவசரமில்ல அண்ணா."

"இல்ல, நீங்க ஒரு கணக்கு சொல்லிடுங்க."

யோசித்துவிட்டுச் சொன்னார். ஒரு பல்லிக்கு எழுபத்தைந்து ரூபாய். வீட்டுப் பல்லிக்குக் காசு கிடையாது. ஏற்கெனவே அவரிடம் இருக்கிற வகையாக இருந்தால் புது இடத்தில் பிடித்ததாக இருக்க வேண்டும். எல்லாமே இந்தக் குன்றுகளில் பிடித்ததாக இருக்க வேண்டும். வால் முழுசாக இருக்க வேண்டும்.

"அப்போ அறுவத்திரெண்டு பல்லி," என்றேன்.

மேடம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முப்பத்தெட்டு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் பழகியவன். கணக்கு அதற்கு முன்பே வரும்.

ஒவ்வொரு பல்லிக்கும் ஒரு சீட்டு எழுதிப் பையோடு கட்ட வேண்டும். இடம், தேதி, நேரம், கல்லிலா மண்ணிலா மரத்திலா. மேடம் அதைப் பார்த்து இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். நவம்பருக்குள் பதினொன்று கொடுத்திருந்தேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் மலைக்குப் போய்விட்டு, பிறகு கீழ்க்கட்டளையில் சுப்பராயலுவின் யார்டுக்கு வேலைக்குப் போவேன். வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டேன். டீக்கடையில் பன். அது இனிப்பாக இருக்கிறதா என்றுகூடக் கவனிக்கவில்லை. நாள் போனது.

சுப்பராயலுவின் யார்டில் கருங்கல், ஜல்லி, மணல் விற்போம். இந்தப் பக்கத்துக் குவாரிகளெல்லாம் மூடி வருஷக்கணக்கு ஆகிறது. கல் இப்போது மதுராந்தகம் தாண்டி, வந்தவாசி தாண்டி லாரியில் வருகிறது. ஆனால் வீடு கட்டுகிறவர்கள் வந்து நின்றதும் "பல்லாவரம் கல்லா?" என்றுதான் கேட்பார்கள். அஸ்திவாரத்துக்கு அதுதான் நிற்கும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். "ஆமா சார்" என்போம். பில் புத்தகத்திலேயே பல்லாவரம் கருங்கல் என்று அச்சடித்திருக்கும். எந்தக் கல்லாக இருந்தாலும் அந்தப் பெயருக்கு நேராகத்தான் எண்ணிக்கை எழுதுவோம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. அது அந்தக் கல்லுக்குப் பெயர், அவ்வளவுதான்.

நவம்பரில் பேய் மழை. பள்ளிக்கரணைப் பக்கம் ரோடு எது ஏரி எது என்று தெரியவில்லை. மலையில் கால் வைக்க முடியாது. இரண்டு வாரம் ஒரு பல்லியும் கிடையாது. மழை விட்ட ஒரு நாள் அயூப்பின் லாரி வந்தது. அயூப் அந்த லாரியின் சொந்தக்கார டிரைவர், என்னைவிடப் பத்து வயது சின்னவன். கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா நைனா, பல்லி டாக்டரு, எறக்கலாமா?"

"எறக்கு."

"நேத்து எங்கூட்டு சொவுத்துல ஒண்ணு கத்திச்சு. இன்னா சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லேன். பாத்துக் காசு தரேன்."

"அதுக்குக் காசு இல்ல. வூட்டுப் பல்லி."

"அதுக்கும் ரேட்டு வச்சிகினியா."

கல்லை இறக்கும்போது அடி வரிசையில், இரண்டு கல்லுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு மூன்று பல்லி இருந்தன. என் நடுவிரல் நீளம். முதுகில் கேழ்வரகு மாதிரி பொடிப் பொடியாகப் புடைப்பு வரிசை கட்டி நின்றது. கழுத்துக்கு மேலே வெளுப்பாக ஒரு வளையம். மலையில் நான் அப்படிப் பார்த்ததில்லை. குளிரில் விறைத்துப்போய் ஓடாமல் கிடந்தன. ஈரத் துண்டைப் போட்டு மூன்றையும் எடுத்தேன். மூன்றுக்கும் வால் முழுசாக இருந்தது.

சீட்டு எழுதினேன். பல்லாவரம் மலை, கிழக்குப் பக்கம், கல்லுக்கு அடியில். எழுதும்போது கை நிற்கவில்லை. கல்லுக்கு என்ன பெயரோ அந்தப் பெயரைத்தான் போட்டேன். அதோடு இருநூற்று இருபத்தைந்து ரூபாய் கழியும். இரண்டும் ஒன்றாகத்தான் மனதில் இருந்தது. எது முன்னால் வந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மேடத்தின் அறை காலேஜில் பின்பக்கம். பீரோ முழுக்க ஸ்பிரிட்டில் பல்லி போட்ட ஜாடி. மூன்றில் பெரியதை எடுத்து லென்ஸ் அடியில் வைத்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணா, உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுறீங்களா?"

எழுதினேன். மூக்கு நுனியிலிருந்து ஆசனத் துவாரம் வரை ஐம்பத்து நாலு மில்லிமீட்டர். மேலுதட்டில் செதில் ஒன்பது. முதுகில் பொடி வரிசை பதினாறு. ஆண் பல்லிக்குத் தொடைக்கு அடியில் ஊசியால் குத்தியது போல் துளை இருக்கும். அந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் ஏழு, நடுவில் துளையே இல்லாமல் பன்னிரண்டு செதில். மேடம் அதை மட்டும் மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் என்னை எழுத வைத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் புத்தகங்களைப் பார்த்தார், மியூசியத்துக்குப் போய் நூறு வருஷத்துப் பல்லிகளைப் பார்த்தார், வெளிநாட்டில் யாருக்கோ போட்டோ அனுப்பினார். டிசம்பர் கடைசியில் கூப்பிட்டார். டேபிள் மேல் இனிப்புப் பெட்டி இருந்தது.

"இது எந்த புக்லயும் இல்ல அண்ணா. நடுவுல அவ்ளோ கேப் வேற எதுக்கும் இல்ல. புது ஸ்பீஷிஸ். இதுவரைக்கும் உலகத்துல யாரும் பேர் வைக்கல."

"கல்லு ஒடைக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்."

"தெரிஞ்சிருக்கும். எழுதி வைக்கலையே." சிரித்தார். கடன் எழுதிய நோட்டை எடுத்தார். "மூவாயிரத்து அறுநூறு பாக்கி இருக்கு. இல்லையா?" கேட்டுவிட்டு, அதன் மேல் இரண்டு கோடு போட்டார். "இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். நான்தான் உங்களுக்குத் தரணும்."

எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இனிப்பைச் சாப்பிட்டேன்.

ஒரு புதுப் பல்லி என்று எழுதினால் எங்கே கிடைத்தது என்று எழுத வேண்டும். அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். பல்லாவரம் மலையில் கிழக்குப் பக்கம் கூட்டிப் போய் ஒரு பாறையைக் காட்டினேன். ஏன் அந்தப் பாறை என்றால், அங்கே எனக்கு மூச்சு வாங்கியது, நின்றேன். மேடம் கையில் இடத்தை நம்பராகக் காட்டும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி காத்திருந்து நம்பரைக் குறித்தார். பாறையை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்.

இன்னும் இரண்டு மூன்று கிடைத்தால் நல்லது, பெண் பல்லியும் வேண்டும் என்றார். ஜனவரி, பிப்ரவரி முழுக்கத் தேடினோம். பத்தொன்பது தடவை மலை ஏறினோம். காலேஜுக்குப் போடும் செருப்பு தேய்ந்து, மேடம் கீழே பல்லாவரம் சந்தையில் ஷூ வாங்கிக்கொண்டார். நான் கல்லைப் புரட்டுவேன், அவர் குனிந்து பார்ப்பார். தேள் இருக்கும், பூரான் இருக்கும், பழைய வகைப் பல்லி இருக்கும். தேடுவது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த கல்லைப் புரட்டுவேன். கல் புரட்டுவது என் வேலை. யார்டில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன்.

"இவ்ளோ அரிதா இருக்குன்னா, இந்த ஒரு பாறையைச் சுத்திதான் இருக்கு போல," என்றார் மேடம் ஒரு நாள். "இதைத் தாண்டி எங்கேயும் இல்ல. இந்தப் பக்கம் மறுபடி கல்லு வெட்ட விடக் கூடாது அண்ணா. நான் எழுதப் போறேன்."

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை அறைக்கு வரச் சொன்னார். கட்டுரை முடிந்துவிட்டது, திங்கட்கிழமை அனுப்பப் போகிறார். இடத்தைப் பற்றி ஒரு பத்தி மட்டும் பாக்கி. நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு மணி என்ன இருக்கும்?"

"ஏழு."

"வெயில் வந்திருச்சா?"

"லேசா."

"கல்லு பெருசா? ஒரு ஆள் புரட்டுற அளவா?"

"ஒரு ஆளு."

"அடியில மண் ஈரமா இருந்துதா, காஞ்சிருந்துதா?"

"ஈரம்."

"பாசி இருந்துதா?"

"கொஞ்சூண்டு."

"மூணும் ஒரே கல்லுக்குக் கீழயா, இல்ல பக்கத்துப் பக்கத்துக் கல்லா?"

"ஒரே கல்லு."

"தலை எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துது? மேலயா, சைடுலயா?"

பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. ஒரு கல்லைச் சொன்னால் அதற்கு அடியில் மண் சொல்ல வேண்டும், மண்ணைச் சொன்னால் ஈரம், ஈரத்தைச் சொன்னால் பாசி. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் உண்மை என்று தட்டி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தது. தலை எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மேடம். அது மலையில புடிக்கல."

விரல் நின்றது.

"யார்டுல புடிச்சேன். லாரில கல்லோட வந்துச்சு. அயூப் வண்டி."

"எங்கேருந்து வந்த கல்லு?"

"தெரியல. வந்தவாசி தாண்டி. மூணு எடத்துல லோடு ஏத்துவான்."

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அந்தப் பாறையின் போட்டோ இருந்தது.

"எழுபத்தஞ்சு ரூபாய்க்காகவா?"

"அதுவும்தான். எங்க யார்டுல எல்லாக் கல்லும் பல்லாவரம் கல்லுதான் மேடம். அப்டியே எழுதிட்டேன். எந்த மலையா இருந்தா இன்னான்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசம் என்கூட மலை ஏறினீங்க. ஒரு நாள்கூடச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. அப்பறம் போய்டுச்சு."

மேடம் எழுந்து பீரோவைத் திறந்தார், மூடினார். அடங்கிய குரலில்தான் பேசினார். "திங்கட்கிழமை இது போயிருக்கும். பிரிண்ட் ஆயிருக்கும். ஒரு தடவை ஆயிட்டா அதுதான் அதோட ஊர். இன்னும் நூறு வருஷத்துக்கு எவனாவது வந்து அந்தப் பாறைகிட்ட தேடுவான். அது நெஜமா இருக்கிற மலையைப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். அதை லாரி லாரியா அள்ளிக்கிட்டே இருப்பாங்க. புரியுதா அண்ணா?"

"புரியுது."

"புரியலை உங்களுக்கு."

அது சரிதான். அவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறி, குரோம்பேட்டை தாண்டும்போதுதான், பத்தொன்பது நாளும் அந்தப் பெண் குனிந்து குனிந்து பார்த்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் அழுகையெல்லாம் வரவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

மேடம் அயூப்பைத் தேடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே யார்டுக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு நேராக லாரிப் பக்கம் போனார். நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கூடவே காலேஜில் படிக்கிற இன்னொரு பெண்ணும். சுப்பராயலு கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்து, "கல்லு வாங்க வந்தவங்கதான் லாரில ஏறி நா பாத்துகீறேன், பல்லி வாங்க இப்பதான்," என்றார்.

அயூப் மறுநாள் மத்தியானம் திரும்பினான். கதவைத் திறக்கும்போது பேசவில்லை. கல் பாதி இறக்கிய பிறகுதான் சொன்னான்.

"மொத எடத்துல இல்ல. ரெண்டாவதுல இல்ல. மூணாவது குவாரி, குன்றுல பாதிய வெட்டிக் கீறான். அங்க போனா கல்லுக்குக் கல்லு ஒண்ணு ஒக்காந்துகினு கீது நைனா. நம்ம வூட்ல கரப்பான் கீற மாதிரி."

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு கல்லு மேல ஒக்காந்து நல்லா அழுதுச்சு. அப்பறம் கண்ணத் தொடச்சிகினு நோட்ட எடுத்துச்சு. குவாரிக்காரன் பயந்துட்டான், கவர்மெண்டு ஆளுன்னு." ஒரு கல்லைக் கீழே போட்டான். "நீ ஏன்யா மொதல்லயே சொல்லல? கேட்டிருந்தா ஒரு ட்ரிப்புல நானே இட்டுகினு போயிருப்பேனே. சும்மாவே இட்டுகினு போயிருப்பேன்."

அயூப் மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தான். அவனுக்கு அது பெரிய விஷயம்.

மார்ச் முதல் வாரம் கூலி வாங்கியதும் நூற்றைம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். மேடம் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தை டேபிள் ஓரத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"கோடு போட்டது அந்தப் பல்லிக்காக. அது சரியில்ல. அதனால கடன் அப்டியே கீது."

வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு வந்திருப்பேனோ என்னவோ. அவர் லென்ஸை விட்டு எழுந்து, நோட்டைத் தேடி எடுத்து, கோடு போட்ட பக்கத்தைத் திருப்பினார். "அந்த மூணும் கணக்குல சேராது. அப்போ மூவாயிரத்து எண்ணூத்து இருபத்தஞ்சு." எழுதினார். அதற்குக் கீழே நூற்றைம்பதைக் கழித்தார். பணத்தை எண்ணிப் பையில் வைத்தார். "சரி அண்ணா," என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது.

வாரா வாரம் சனிக்கிழமை நூற்றைம்பதோடு போனேன். லோடு வராத மூன்று வாரம் போகவில்லை. மற்றபடி விடவில்லை. சில நாள் மேடம் இருக்க மாட்டார், வந்தவாசிப் பக்கம் போயிருப்பார். கவரில் போட்டுப் பெயர் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் நோட்டில் ஏறியிருக்கும். இருந்தால், "சாப்பிட்டீங்களா" என்பார். "ஆச்சு" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. பீரோவில் புது ஜாடிகள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு, அவர் கையெழுத்தில். என்னுடைய மூன்றும் அடித்தட்டில் தனி ஜாடியில் இருந்தன. அவற்றுக்கு நான் எழுதிய சீட்டை எடுத்துவிட்டிருந்தார். வேறு சீட்டு கட்டவில்லை.

கட்டுரையை முதலிலிருந்து எழுதினார் என்று அந்த இன்னொரு பெண் சொன்னது. செதில் எண்ணிக்கையெல்லாம் புதிதாக எடுத்த பல்லிகளிலிருந்து. அவர் கையாலேயே பிடித்தவை, அவர் கண்ணால் பார்த்த கல். தன் குன்றுகளைப் பற்றிய படிப்பில் இது சேராது, இதற்கு அலைந்ததில் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனதாம். அதை மேடம் என்னிடம் சொன்னதில்லை.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை. மேடம் பொத்தேரியில் தங்கியிருந்த ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகப் போவதாகவும், இனி அங்கிருந்தே வந்து போவதாகவும் சொன்னார். டேபிள் மேல் அச்சடித்த தாள் பத்துப் பன்னிரண்டு பக்கம், பின் போட்டு இருந்தது. என் பக்கம் தள்ளினார். இங்கிலீஷ். எனக்கு எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. பல்லியின் படம் இருந்தது, முதுகில் பொடி வரிசை தெளிவாக. தொடைத் துளையை மட்டும் தனியாகக் கோட்டுப் படமாக வரைந்திருந்தார். ஏழு, ஏழு, நடுவில் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தேன்.

"ஊர் எங்க மேடம் போட்டுகீது?"

ஒரு வரியைக் காட்டினார். அந்தக் குன்றுக்குப் பக்கத்துக் கிராமத்தின் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பல்லியின் பெயரும் அந்த ஊரை வைத்துத்தான் என்றார்.

"உங்க பேரு இதுல எங்கேயும் இல்ல அண்ணா."

"தெரியும் மேடம்."

"அயூப் அண்ணா பேர் இருக்கு. நன்றின்னு."

"அவன்கிட்ட சொல்றேன். லாரி முன்னாடி எழுதி வச்சிக்குவான்."

மேடம் கொஞ்சம் சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

எழுபத்தைந்து ரூபாய் பாக்கி இருந்தது. ஒரு ஐம்பது, இரண்டு பத்து, ஒரு ஐந்து ரூபாய்க் காசு. எடுத்து வைத்தேன். மேடம் காசைத் தனியாக நகர்த்தி எண்ணினார். நோட்டில் கழித்தார். கீழே ஒரு சைபர் போட்டு, பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு தேதியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"சரியா இருக்கா?"

"சரியா கீது மேடம்."

அவர் நோட்டை மூடி, மற்ற புத்தகங்களோடு அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.